கலங்கலுக்குக் கீழே ஒரு வீடு

வேங்கிக்கால், திருவண்ணாமலை
15.6.2025

அன்பு மகள் வினோதினிக்கு அப்பா காசி எழுதுவது.

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. கோடு போட்ட தாள்தான். ஆனாலும் எழுத்துகள் சந்தைக்கு ஓட்டிப் போகும் ஆடுகள் மாதிரி ஒன்று மேட்டில் ஏறுகிறது, ஒன்று பள்ளத்தில் இறங்குகிறது. ‘ழ’ எழுதும்போது என் நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று உன் அம்மா பாஞ்சாலை சிரிக்கிறாள். காலை டீ குடித்துவிட்டு உட்கார்ந்தேன், இப்போது சோற்றுக்குக் கூப்பிடுகிறாள். யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித்தரவில்லை. எழுபத்திரண்டு வயதில் உன் அப்பா தானாக எழுதும் முதல் கடிதம் இது.

நாங்கள் இருவரும் சுகம். நாசிக்கில் நீயும் மாப்பிள்ளை சுரேஷ்குமாரும் பாப்பாவும் சுகமா? போனில் பேசலாமே என்பாய். பேசினால் காதோடு போய்விடும். எனக்குப் படிக்க ஏதாவது வேண்டும். அதனால் நீயும் கடிதமே போடு.

எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முதியோர் மாலை வகுப்பு விட்டதும் நானும் சாக்குக்கடை ஜானி பாஷாவும் ரோட்டில் உள்ள போர்டையெல்லாம் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே நடக்கிறோம். ஆசிரமத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதியிருந்தது. இத்தனை வருடமும் செருப்போடு உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறேன்!

ஒரு சேதி. தனியார் நிலத்தில் இருக்கும் சின்னச் சின்ன மண் அணைகளையெல்லாம் பார்த்து, எதில் எவ்வளவு அபாயம் என்று தரம் போடுகிறார்களாம். நம் குட்டையின் கரையைப் பார்க்க ஒரு பொறியாளர் பெண் வந்தாள். பெயர் தென்றல். கரை மேல் நடந்தாள், மதகைத் தட்டினாள், எலி வளை இருக்கிறதா என்று குனிந்து தேடினாள். என் கரையில் எலி வளையா! “நல்ல மார்க்கா போடும்மா” என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

இன்னொரு கூத்து. நம் கலங்கலுக்கு நேர் எதிரே, கீழே, எவனோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறான். கலங்கல் என்றால் என்ன என்று பாப்பா கேட்டால், குட்டை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையில் கல் கட்டி விட்டிருக்கும் வாய் என்று சொல். ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி அதன் எதிரில் வீடு!

இப்படிக்கு, கை வலித்தாலும் மனம் வலிக்காத
அப்பா


நாசிக்
27.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு வினோதினி எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. கவரில் விலாசத்தைப் பார்த்ததுமே வாசலில் நின்று அழுதுவிட்டேன். தபால்காரர் ஏதோ துக்கச் செய்தி என்று பயந்துவிட்டார். உங்கள் மாப்பிள்ளை அதை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் காட்டினார். பாப்பா ஆடுகளை எண்ணப் பார்த்தாள். நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

அந்த வீடு கட்டுகிறவரைத் திட்டாதீர்கள் அப்பா. பாவம், யாரோ, ஆசையாகத்தானே இடம் வாங்கியிருப்பார்கள். கடைக்கால் எவ்வளவு ஆழம் எடுத்திருக்கிறார்கள்? மேஸ்திரி நல்லவரா? வேலை நடக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அம்மாவுக்கு இதைச் சத்தமாகப் படித்துக்காட்டுங்கள்.

உங்கள் அன்பு மகள்
வினோதினி


வேங்கிக்கால்
13.7.2025

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் கோபத்தைத் தவிர. அது கொஞ்சம் ஜாஸ்தி.

தரம் வந்துவிட்டது. கரை ஓரத்தில் இரும்புக் கம்பம் நட்டு ஒரு பலகை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊரே படிக்கிற மாதிரி பெரிய சிவப்பு எழுத்து. ‘அபாயம்: அதிகம்.’ நான் படிக்கக் கற்றுக்கொண்டது இதற்குத்தானா? போன வருடம் என்றால் ஏதோ விளம்பரம் என்று நினைத்துக் கடந்து போயிருப்பேன்.

அந்தக் கரையில் ஒரு முள்செடி வளர விட்டிருக்கிறேனா? ஒரு மாடு ஏற விட்டிருக்கிறேனா? மழை விட்டதும் மண்வெட்டியோடு போய் ஓட்டை ஒடிசல் பார்க்காத நாள் உண்டா? அத்தனைக்கும் இந்த மார்க்.

ஜானி பாஷாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “டேய் காசி, அந்தப் பொண்ணு கரையைப் பார்த்து எழுதல. உன் மூஞ்சியப் பார்த்து எழுதிட்டுப் போயிருக்குது” என்றான். நண்பன்!

நான் விடப்போவதில்லை. வருடா வருடம் மழைக்கு முன்னால் கலங்கல் வாயில் மண்மூட்டை அடுக்குவேன் அல்லவா? அதனால்தான் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாமல் பங்குனி வரை தண்ணீர் நிற்கிறது, இரண்டாவது போகம் நெல் விளைகிறது. இந்த முறை இரண்டு வரிசை ஜாஸ்தியாக அடுக்கப்போகிறேன். குட்டை கழுத்துவரை நிறைந்து கரை அசையாமல் நிற்பதை அந்தப் பெண் வந்து பார்க்கட்டும். சாக்கு ஜானி பாஷா தருகிறான்.

நீ கேட்ட கடைக்கால் நல்ல ஆழம்தான். மேஸ்திரி பெயர் மாறன். நல்ல பையன், சொன்ன பேச்சுக்குச் சிரிக்கிறான். உனக்கு எதற்கு இதெல்லாம்?

இப்படிக்கு,
குறைந்த மார்க் வாங்கிய அப்பா


நாசிக்
24.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகம்தானே?

அந்தத் தரம் கரையைப் பற்றியதாக இல்லாமல் வேறு எதையாவது பற்றியதாக இருக்கலாம் என்று உங்கள் மாப்பிள்ளை சொல்கிறார். கோபப்படாமல் அந்தப் பொறியாளரையே கூப்பிட்டுக் கேளுங்கள். அதுவரை மூட்டை எதுவும் அடுக்காமல் இருக்கலாமே அப்பா? இந்த ஒரு வருடம் மட்டும்.

பாப்பாவுக்குப் பள்ளி இருக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

வினோதினி


வேங்கிக்கால்
17.8.2025

அன்பு மகளுக்கு,

அனைவரும் நலம். உன் கடிதம் துண்டுச் சீட்டு மாதிரி இருந்தது. இரண்டு மூச்சில் படித்து முடித்துவிட்டேன். அடுத்ததை நீளமாக எழுது.

மூட்டை அடுக்கியாகிவிட்டது. சேர்மானமாக மிதித்து, களிமண் பூசி, கோயில் மதில் மாதிரி நிற்கிறது. நீ வேண்டாம் என்றாய், தெரியும். நீ நாசிக்கில் இருக்கிறாய் அம்மா. இங்கே தண்ணீர் என்பது பிடித்து வைத்தால்தான் உண்டு.

வேலை முடித்துவிட்டுக் கீழே மாறனிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது.

“மேஸ்திரி, உன் முதலாளிக்கு மூளை இருக்குதா? கலங்கலுக்கு எதிர்ல எந்த மடையனாவது வீடு கட்டுவானா?”

“அவருக்குக் கொஞ்சம் கம்மிதான் பெரியப்பா. அவரு வீட்டம்மாவுக்கு ஜாஸ்தி.”

“அப்ப அந்தம்மாவாவது வேணாம்னு சொல்லக் கூடாது?”

“அந்தம்மாதான் இந்த எடமே வேணும்னு ஒத்தக் கால்ல நின்னுச்சாம்.”

“அப்ப ரெண்டு பேருக்குமே இல்ல” என்றேன். அவ்வளவுதான், மாறன் மணல் குவியலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். மோர் கொண்டு வந்த உன் அம்மாவும் சிரித்து, பாதி மோரைக் கொட்டிவிட்டாள். நான் இவ்வளவு நகைச்சுவையாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா


வேங்கிக்கால்
31.8.2025

அன்பு மகளுக்கு,

சுகமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் எழுந்து நிற்கிறேன், அவர் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? மாப்பிள்ளைக்கு வேலையில் ஏதாவது? உன் அம்மாவைக் கேட்டால் “எழுதுவா, எழுதுவா” என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள். என் எழுத்து புரியவில்லையா? இந்த முறை பெரிதாக எழுதியிருக்கிறேன்.

அப்பா


நாசிக்
10.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு வினோதினி எழுதுவது.

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் எழுத்து நன்றாகவே புரிகிறது. என்னால்தான் எழுத முடியவில்லை. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். போனை எடுத்தால் உங்கள் குரலைக் கேட்டதும் பேச்சு மாறிவிடுகிறது.

அப்பா, அந்த வீடு எங்களுடையது.

தை மாதம் இவர் இங்கே வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுகிறார். பம்புசெட்டு பழுதுபார்க்கும் கடை வைக்கப்போகிறார். உங்களிடம் சொல்லாமல் கட்டி முடித்து, புதுமனை புகும் நாளில் உங்கள் கண்ணைக் கட்டிக் கைபிடித்து அழைத்துப்போய் வாசலில் நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டோம். அம்மாவுக்கும் மாறனுக்கும் தெரியும். அந்த இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். நீங்கள் கரை மேல் நின்று கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும் என்று மட்டும்தான் யோசித்தேன். தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை.

நீங்கள் மூட்டை அடுக்கிவிட்டேன் என்று எழுதிய கடிதத்தைப் படித்த நாளிலிருந்து ஒரே நினைப்பு. பாப்பாவின் அறை ஜன்னல் கலங்கலைப் பார்த்து வருகிறது அப்பா.

அதை எடுத்துவிடுங்கள். ஆச்சரியம் கெட்டுப்போனால் போகட்டும்.

உங்கள்
வினோதினி


வேங்கிக்கால்
21.9.2025

அன்பு மகள் வினோதினிக்கும், மாப்பிள்ளைக்கும், பாப்பாவுக்கும் அப்பா எழுதுவது. சுகம், சுகம், சுகம்.

வழக்கம்போல உன் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்தேன். ‘அந்த வீடு’ வரை வந்ததும் நின்றுவிட்டேன். “மேல படிங்க” என்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள். ஜானி பாஷாவுக்கும் தெரியுமாம்! “எனக்குத் தெரிஞ்சிதான் சாக்கு கிழிஞ்சதா பார்த்து குடுத்தேன்” என்கிறான். ஊரில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

மடையன் என்று நான் சொன்னது மாப்பிள்ளையை. மூளை இல்லை என்று சொன்னது உன்னை. உன்னைச் சொன்னதை முழுதாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மாப்பிள்ளையைச் சொன்னதில் பாதியை.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே கலங்கலுக்குப் போனேன். மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். அடுக்கும்போது இவ்வளவு கனமாக இல்லை. வியர்வை கண்ணில் விழுந்து எரிந்தது, அதனால் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியதாயிற்று. மாறன் ஓடி வந்து மீதியை எடுத்தான்.

மறுநாள் தென்றலைக் கூப்பிட்டேன். வந்தாள். பலகையைக் காட்டிச் சண்டை பிடித்தேன்.

“ஐயா, செவப்புக்குக் கீழ இன்னொரு வரி இருக்குதே, படிச்சீங்களா?” என்றாள்.

சின்ன எழுத்து. கோபத்தில் என் கண் அந்த வரி வரை போகவே இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘கரையின் நிலை: நன்று.’

“கரை நல்லா இருக்குதுன்னுதான் எழுதியிருக்கேன். அபாயம்ங்கறது வேற கணக்கு ஐயா. ஒருவேளை ஒடைஞ்சா கீழ யாருக்கு என்ன ஆவும்னு பார்த்துப் போடறது. கீழ வெறும் கொல்லையா இருந்தா கம்மி. வீடு வந்தா ஜாஸ்தி.”

“அப்ப நான் தங்கத்துல கரை போட்டாலும் செவப்புதானா?”

“வீடு இருக்கற வரைக்கும் செவப்புதான். ஒடையும்னு அர்த்தம் இல்ல. கீழ ஆள் இருக்காங்க, மறந்துடாதீங்கன்னு அர்த்தம்.”

“அப்ப ஜாஸ்தியாவே இருக்கட்டும்மா. வர்றது எம்பொண்ணு” என்றேன்.

அப்போதுதான் ஓரத்தில் கிடந்த மூட்டைகளைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. “இது இன்னா ஐயா? கலங்கலை அடைச்சா வெச்சிருந்தீங்க? அன்னிக்கு இதைப் பார்த்திருந்தா ‘நன்று’ன்னு எழுதியே இருக்க மாட்டேன். பெருமழை வந்தா தண்ணிக்குப் போவ வழி வேணும். வழி இல்லன்னா கரை மேல ஏறும். ஏறுன தண்ணி மண்ணை அரிச்சி எடுத்துட்டுப் போயிடும். அப்பால நீங்க மண்வெட்டியோட போய் எதைப் பார்க்கறது?”

நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். உன் அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

தென்றல் சொன்னபடி கலங்கலை அகலமாக்கி, அதன் வாயை ஒரு முழம் இறக்குகிறோம். அங்கிருந்து உன் வீட்டைச் சுற்றி ஓடைக்குக் கல் வைத்து வாய்க்கால். மாறன் நாளை ஆரம்பிக்கிறான்.

அப்பா


நாசிக்
4.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தை இவர் படித்துவிட்டு, மீதிப் பாதியை எப்போது திரும்ப வாங்குவீர்கள் என்று கேட்கிறார்.

அப்பா, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அம்மா நேற்று போனில் பேசும்போது, இந்த வருடம் தைக்கு வேர்க்கடலைதான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நம் கழனியில் தை நடவு நெல் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. கலங்கலை ஒரு முழம் இறக்கினால் குட்டையில் எவ்வளவு தண்ணீர் குறையும்? இன்னும் மேல்தளம் போடவில்லை. வேலையை நிறுத்திவிட்டு வேறு இடம் பார்க்கிறோம் என்று இவரும் சொல்கிறார். உங்கள் நெல்லை அழித்து எனக்கு வீடு வேண்டாம்.

பதில் போடுங்கள்.

வினோதினி


வேங்கிக்கால்
2.11.2025

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

சுகம். ஜலதோஷம் மட்டும் கொஞ்சம், மழையில் நின்றதால். பதில் தாமதம் ஆனதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

மல்லாட்டை பற்றிக் கேட்டாய். நீ வேர்க்கடலை என்று எழுதிவிட்டாய், நாசிக் போனதும் பேச்சு மாறிவிட்டது. உன் அம்மாவுக்கு மல்லாட்டை வறுத்துத் தின்ன ஆசை. மண்ணுக்கும் ஒரு மாறுதல் வேண்டும். வேறு ஒன்றும் இல்லை. தண்ணீர் எவ்வளவு குறையும் என்ற கேள்வி எனக்குச் சரியாகப் புரியவில்லை, புது எழுத்துக்காரன்தானே. மேல்தளம் தீபாவளிக்கு முன்னாலேயே போட்டாகிவிட்டது. உன் கடிதம் வந்த அன்று மாறனிடம் சொல்லிச் சீக்கிரமாகப் போடச் சொன்னேன். இனி இடம் மாற்ற முடியாது.

தீபாவளி முடிந்ததிலிருந்து மழை விடவில்லை. மலை தெரியவே இல்லை. தினமும் காலையில் குடையோடு போய்த் தண்ணீர் எங்கே ஏறியிருக்கிறது என்று பார்த்தேன். வியாழக்கிழமை விடிந்ததும் மாறன் ஓடி வந்து, “பெரியப்பா, கோடி போவுது!” என்று கத்தினான். குட்டை நிறைந்து கலங்கலில் வழிகிறது! மூட்டை அடுக்கி அடுக்கி நம் குட்டை கோடி போனதை உன் அம்மாகூடப் பார்த்ததில்லை. முறைப்படி சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்தாள், தண்ணீரில் மஞ்சளும் பூவும் விட்டாள். பூ ஜானி பாஷா வாங்கி வந்தது.

“டேய் காசி, உன் தண்ணி வெளிய போவுது, நீ பல்லைக் காட்டிகினு நிக்கற. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவட்டா?” என்றான்.

மாறனும் ஜானி பாஷாவும் பின்னால் வர, பூ போகிற வழியே நானும் இறங்கிப் போனேன். வாய்க்கால் சொன்ன பேச்சைக் கேட்டது. உன் வீட்டைத் தொடாமல் சுற்றிக்கொண்டு ஓடையில் விழுந்தது. மழைக்கு ஒதுங்கலாம் என்று உன் வீட்டுக்குள் ஏறி, பாப்பாவின் ஜன்னல் பக்கம் நின்றேன். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தேன்.

என் வயதுக்கும் அந்தக் கரையை மேலே நின்றுதான் பார்த்திருக்கிறேன் வினோதினி. மேலே நின்றால் அது என் காலுக்குக் கீழே இருக்கும். ஜன்னலில் நின்று பார்த்தால் பாதி வானத்தை மறைக்கிறது. அதற்குப் பின்னால் அத்தனை தண்ணீர்.

“இன்னா பெரியப்பா, மயக்கமா?” என்று மாறன் கையைப் பிடித்தான்.

“இல்லடா. நம்ம கரை எவ்ளோ ஒசரம்னு இன்னிக்குதான் பார்க்கறேன்” என்றேன்.

ஜானி பாஷாவும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “ஒசரம்தான். வா, டீ குடிக்கலாம்” என்றான்.

தைக்கு வாருங்கள். மாப்பிள்ளையைச் சொன்னதில் மீதிப் பாதியையும் இப்போது வாங்கிக்கொண்டேன் என்று அவரிடம் சொல். நீ வந்த பிறகும் நான் கடிதம் எழுதுவதை விடப்போவதில்லை. தபால்காரர் மேலிருந்து கீழே கொண்டு வரட்டும், சம்பளம் வாங்குகிறார் அல்லவா?

பாப்பாவின் அறைக்கு ஜன்னல் கதவு திங்கட்கிழமை மாட்டுகிறார்கள். மாட்டியதும் உள்ளே உட்கார்ந்து சாத்திப் பார்க்கப்போகிறேன். கதவைச் சாத்தினால் கலங்கல் சத்தம் கேட்கிறதா, கேட்டால் தூங்கவிடுகிற சத்தமா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கரைக்காரன் காசி
உன் அப்பா